புளிப்புத் தண்ணி

கௌமாரி துணை
போடி, 14-11-1974

மொக்கம்மாளுக்கு உன் அண்ணன் மனைவி சுருளியம்மாள் எழுதுவது.

ஒன்பது வருடம் கழித்து இவளுக்கு எழுதக் கை வந்ததா என்று நீ கேட்கலாம். கேட்டுக்கொள். காரியமாகத்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

உன் அண்ணனுக்கு வயிற்றில் புண். காரம், புளி, கேப்பை, சோளம் எதுவும் ஆகவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் பாலும் ரொட்டியும் மட்டும் கொடு என்கிறார். அரிசியைக் குழைய வைத்துக் கொடுக்கலாம் என்றால், அரிசியைக் கண்ணால் பார்த்தே நாளாகிவிட்டது. ராசிங்காபுரத்து வயல் கிணற்றில் தரை தெரிகிறது. ரேஷனில் போடுவது கோதுமை. அதை முறத்தில் கொட்டினால் தானாக நகர்கிறது, அவ்வளவு வண்டு. பிள்ளைகள் இரண்டும் அதைக் களியாகக் கிண்டிக் கொடுத்தால் தின்றுவிடுகின்றன. அவருக்கு முடியவில்லை.

போன வாரம் கடை ரொட்டி வாங்கினேன். வெளியே பார்க்க நன்றாக இருந்தது. பிய்த்தால் உள்ளே நூல் நூலாக இழுபடுகிறது, சளி மாதிரி. அழுகின பழ வாடை. ஓரத்தில் ஒரு கரப்பான் கால். கொண்டுபோய்க் கடைக்காரன் முன்னால் வைத்தேன். "ஏக்கா, ஊரே அரிசிக்குப் பறக்குது, நீங்க காலப் பாத்துக்கிட்டு நிக்கிறீக. கறின்னு நெனச்சு முழுங்குங்க" என்கிறான். நின்றவர்களும் சிரித்தார்கள். ரொட்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

மலைக்கு ஜீப் ஓட்டுகிற பிச்சைமணி சொன்னான்: "மேல ஒங்க நாத்தனா சுடுற ரொட்டி இருக்கே, பஞ்சுதான். எஸ்டேட்டு மேனேஜர் வீட்டுக்கே அங்கேருந்துதான் போகுது."

எப்படிச் சுடுவது என்று எழுது. உன் அண்ணனுக்கு இது தெரியாது. தெரிந்தால் அவர் வேண்டாம் என்பார், நான் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

சுருளியம்மாள்

---

பூப்பாறை, 22-11-1974

மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அண்ணன் செத்துப்போச்சு என்றுதான் நினைத்தேன். நம் வீட்டிலிருந்து எனக்கு வேறு எதற்கு எழுதப் போகிறீர்கள்? பிரிக்காமலே கொஞ்ச நேரம் அழுதுவிட்டேன். பிரித்துப் பார்த்தால் ரொட்டி.

எங்கள் கல்யாணம் முடிந்த வருடம், வீரபாண்டித் திருவிழாவில் இவர் அண்ணனுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும், பக்கத்தில்தான் நின்றீர்கள். முறை மாப்பிள்ளைதான், ஆனால் மலையாளத்துக் கள்ளுக்கடையில் சமையல்காரன். "கள்ளுக்கடையில மீன் கழுவுறவன் வீட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்காது" என்று அண்ணன் வாயில் இருந்ததை இவர் காலடியில் துப்பியது. அந்தத் தொண்டைக்குக் கீழே இருக்கிற வயிற்றுக்குத்தான் இப்போது நீங்கள் கேட்கிறீர்கள். இவரிடம் சொன்னேன். "சொல்லிக் குடு புள்ளே, வயிறு என்ன பாவம் பண்ணுச்சு" என்கிறார். என்ன மனுஷனோ.

கேட்டுக்கொள்ளுங்கள். கோதுமையை நைசாக அரைத்து, வேட்டித் துணியில் இரண்டு தடவை சலியுங்கள். பிச்சைமணியிடம் ஒரு பாட்டிலில் புளிப்புத் தண்ணி கொடுத்துவிட்டிருக்கிறேன். வாயை இறுக்கி அடைக்க வேண்டாம், வெடிக்கும். வாழைநார் போதும். அதில் அரை டம்ளர், சீனி, உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்துப் புரோட்டா மாவு போல அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு வையுங்கள். இரட்டிப்பாக உப்பும். டால்டா டப்பாவில் எண்ணெய் தடவி, பாதி உயரத்துக்கு மாவு வைத்து, மறுபடி உப்ப விடுங்கள். அண்டாவில் மணலைப் பரப்பிக் காயவைத்து, டப்பாவை நடுவில் இறக்கி, மூடி மேலே தணல் அள்ளிப் போடுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஒவ்வொரு தடவையும் பிசைந்த மாவில் ஒரு பிடி எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த தடவைக்கு அதைக் கரைத்து ஊற்றினால் அதுவே மாவைத் தூக்கும். புளிப்புத் தண்ணி ஒரே ஒரு தடவைதான் வேண்டும்.

அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் சரி.

மொக்கம்மா

---

கௌமாரி துணை
போடி, 5-12-1974

மொக்கம்மாளுக்கு,

மில்லில் எனக்கு முன்னால் மிளகாய் வத்தல் அரைத்திருந்தார்கள். அந்தக் காரம் மாவில் ஏறினால் உன் அண்ணன் வயிறு என்னாவது? வரிசையில் பின்னால் நின்றவர்களை எல்லாம் முன்னால் விட்டேன். "எங்க கோதுமைதான் ஒங்களுக்கு மில்லு கழுவுறதாக்கும்?" என்று ஒருத்தி பிடித்துக்கொண்டாள். திட்டு வாங்கிக்கொண்டு கடைசியில் அரைத்து வந்தேன்.

முதல் ரொட்டி அடியில் கரி, நடுவில் பச்சை மாவு. இரண்டாவது நீ சொன்னது போலவே எழும்பி, டப்பாவின் வாய்க்கு மேலே வந்தது. முதல் துண்டை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அவருக்குக் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். மறுபடி மோந்தார்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு மென்றார். நான் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நிற்கிறேன், என்ன வரப்போகிறதோ என்று.

"இன்னொரு துண்டு கொண்டா" என்றார்.

தின்றது வயிற்றில் நின்றது. மூன்று மாதத்தில் இதுதான் முதல் தடவை. உனக்கு நல்லது நடக்கட்டும். பங்குனிக்குள் அவருக்குக் குணமானால் வரும் சித்திரைத் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டியிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் புளிப்புத் தண்ணியில் என்ன போடுகிறாய்? இட்லி மாவு வாடையும் இல்லை, மோர் வாடையும் இல்லை. எங்கோ மோந்த வாடை. பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

சுருளியம்மாள்

---

பூப்பாறை, 15-12-1974

மதினிக்கு,

கேட்டுவிட்டீர்கள், எனக்குப் பொய் வராது. அது கள். கூந்தல்பனைக் கள், இவர் வேலை பார்க்கிற கடைக்கு இறக்குகிறது.

கடிதத்தைக் கீழே போடாமல் மேலே படியுங்கள். பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேட்டத்தி எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது. மலையாளத்து வீடுகளில் அப்பத்துக்கே கள்தான் ஊற்றுகிறார்கள். அப்பம் தின்றுவிட்டு யாரும் ஆடிக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை. சூட்டில் எல்லாம் போய்விடும், புளிப்பு மட்டும்தான் நிற்கும். முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் பாட்டிலைத் தொட்டிருக்க மாட்டீர்கள், அண்ணன் பசியோடு கிடந்திருக்கும். அதனால்தான் சொல்லவில்லை.

அண்ணன் இன்னொரு துண்டு கேட்டது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை இவரிடம் நான்கு தடவை படித்துக் காட்டினேன்.

மொக்கம்மா

---

போடி, 23-12-1974

மொக்கம்மாளுக்கு,

உன் கடிதத்தைக் கிணற்றடியில் நின்று படித்தேன். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

எடுத்து வைத்த மாவைச் சாக்கடையில் போட்டேன். அது அங்கேயும் போய் உப்பிக்கொண்டு கிடந்தது. குச்சியால் தள்ளினால் குச்சியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, நூல் விட்டுக்கொண்டு. பாட்டிலில் இருந்ததைக் கவிழ்த்தேன். டப்பாக்களைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அம்மனுக்கு முன்னால் என் கையால் எதை வைத்தேன் என்று நினைத்தால் அந்தக் கையால் சோறு அள்ளக் கூசுகிறது. மார்கழி மாதம் வேறு. விடியலில் கோலம் போட்டு நிமிர்ந்தால் மூக்கில் அந்த வாடைதான்.

கள் இந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டக் கூடாது. ஏன் என்று உனக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டேன், அது இந்த வீட்டுச் சங்கதி. நீ செய்தது உதவி இல்லை. எழுதாதே.

சுருளியம்மாள்

---

கௌமாரி துணை
போடி, 20-1-1975

மொக்கம்மாளுக்கு,

எழுதாதே என்றவள் நானே எழுதுகிறேன்.

பொங்கலுக்குக் கோதுமை ரவையைப் பொங்கி வைத்தேன். உன் அண்ணனுக்குக் கோதுமைக் கஞ்சி கொடுத்தால், "சினிமா நோட்டீசு ஒட்டுற பசைய எதுக்குடி எனக்கு ஊத்துற?" என்று தட்டிவிடுகிறார். சொல்வதும் நிஜம்தான், அது பசை. நானே ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினேன். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே தெரிகிறது. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவர் வேண்டும்.

ரொட்டியை ஏன் நிறுத்தினேன் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். பொங்கல் அன்று அவராகவே பேச்சை எடுத்தார். "வெந்து போன பெறகு அதுல என்னடி கள்ளு இருக்கு? ஊரு ஒலகத்துல ஒனக்கு மட்டுந்தான் மூக்கா? மறுபடி ரொட்டியப் போடு. மொக்கம்மாளுக்கு எழுது."

உன் பெயரை அவர் வாயால் கேட்டு ஒன்பது வருடம். சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தவள் அதைக் கேட்டதும் அடங்கிவிட்டேன். தங்கச்சி மேலே பாசம் திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோயில் பூசாரியிடமும் கேட்டேன். "கருப்பனுக்குப் படையலே அதுதான ஆத்தா, தீயில வெந்தா தீட்டு ஏது?" என்றார். கருப்பன் குடிக்கட்டும், அவனுக்கு வயிற்றில் புண் இல்லை. ஆனாலும் தீ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு பாட்டில் கொடுத்துவிடு. மாவு பிசைந்ததும் மீதியை நானே கவிழ்த்துவிடுவேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பிசைகிறேன்.

சுருளியம்மாள்

---

கௌமாரி துணை
போடி, 18-2-1975

மொக்கம்மாளுக்கு,

பாட்டில் வந்தது. அன்றைக்குப் பிசைந்து எடுத்து வைத்த பிடிதான் இன்றுவரை ஓடுகிறது. இனி எனக்கு எதுவும் அனுப்ப வேண்டியதில்லை.

உன் அண்ணன் எழுந்து நடமாடுகிறார். ஜீப் ஸ்டாண்டு வரை போய்ப் பிச்சைமணியோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார். ஏலக்காய்க் கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை வேலைக்கும் போகிறார். முகம் தெளிந்திருக்கிறது. கடையில் சிந்துகிற ஏலக்காயை மென்றுகொண்டே வருவதால் வாயெல்லாம் மணம். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பாயசம் மாதிரி இருக்கிறது என்று சின்னவள் சொல்லிச் சிரிக்கிறாள்.

சுருளியம்மாள்

---

பூப்பாறை, 9-3-1975

மதினிக்கு,

அண்ணன் நடமாடுகிறது என்று படித்த அன்று நான் எஸ்டேட்டு வேலைக்கே போகவில்லை.

நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம் என்கிறீர்கள். அண்ணனோ ஆள் விட்டுக் கேட்கிறது. எனக்கு ஒரு சந்தேகம், தப்பாக நினைக்காதீர்கள். நான் சொன்ன மாதிரி மாவைப் பிடி எடுத்து வைக்கிறீர்களா, இல்லை அது செத்துச் செத்துப் போகிறதா? வாரம் தவறாமல் பிச்சைமணி வந்து நிற்கிறான். "மதினி தெருவுக்கே ரொட்டி போடுதாம்ல, மாவுக்குப் பத்தலையாம், ஒங்க அண்ணன் பெரியகருப்பண்ணே கேட்டு விட்டாரு" என்று இரண்டு பாட்டில் வாங்கிப் போகிறான். போன வாரம் மூன்று. இவ்வளவு ஊற்றினால் மாவு பிசின் ஆகிவிடுமே என்று யோசித்தேன். நீங்கள் தெருவுக்கே சுடுகிறீர்கள் என்றால் சரிதான். பஞ்சத்தில் நாலு வயிறு நிறையட்டும்.

இவர் கடையில் கொடுக்கிற தன் பங்குக் கள்ளையும் குடிக்காமல் அதில் ஊற்றி விடுகிறார். "எங் கைத் தண்ணி எறங்காதுன்னாரு மச்சான். இப்ப எங் கைக் கள்ளு ரொட்டியா எறங்குது பாத்தியா புள்ளே" என்று சிரிக்கிறார். இந்த மனுஷன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மொக்கம்மா

---

மதுரை, பெரிய ஆஸ்பத்திரி
25-3-1975

மொக்கம்மாளுக்கு,

உன் கடிதம் வந்தபோது அவர் கடைக்குப் போயிருந்தார். இரண்டு தடவை படித்தேன். பிறகு கொல்லைக்குப் போனேன்.

பஞ்சத்தில் மாட்டை விற்றதிலிருந்து கொட்டம் சும்மா கிடக்கிறது. தீவனத் தொட்டியில் காலி ஏலக்காய்ச் சாக்குகளை அடுக்கியிருந்தார். தூக்கினேன். அடியில் பாட்டில்கள். சிலவற்றில் அடியில் கொஞ்சம் மிச்சம், அதில் ஈ செத்து மிதக்கிறது. வாழைநார் அழுகி நாறுகிறது. மூலையில் மென்று துப்பின ஏலக்காய்த் தோல் குவிந்து கிடந்தது, எச்சிலோடு, எறும்பு மொய்த்து.

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. பாயசம் மாதிரி மணக்கிறதே, அது எதற்கு என்று.

உனக்கு இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நீ போன பிறகு, நம் பக்கம் சாராயக் கடைகளைத் திறந்துவிட்ட வருடம், உன் அண்ணன் பழகினார். சாராயம், கள், எது கிடைத்தாலும். வயிற்றில் புண் வந்தது அதனால்தான். கௌமாரி கோயிலில் என் தலையில் அடித்து, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அரசாங்கமும் கடைகளை மூடியது. பிழைத்தோம் என்று இருந்தேன். குடும்ப மானம் என்று உன்னிடம் மறைத்தேன். என் கையால் ரொட்டி என்று பெயர் வைத்து அதையே வீட்டுக்குள் கூப்பிட்டிருக்கிறேன்.

சாக்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் அவர் வாசலில் நிற்கிறார். "அது மாவுக்கு" என்கிறார். கூசாமல். நான் பதில் சொல்லுமுன் குனிந்து வாந்தி எடுத்தார். காப்பித்தூளைக் கரைத்துக் கொட்டினது போல. அப்புறம் சிவப்பாக.

இங்கே கொண்டுவந்து சேர்த்து நாலு நாள் ஆகிறது. ரத்தம் ஏற்றுகிறார்கள். பிழைப்பார் என்கிறார்கள்.

சுருளியம்மாள்

---

பூப்பாறை, 2-4-1975

மதினி,

நான் என் அண்ணனுக்கு நஞ்சைப் பாட்டிலில் அடைத்து அனுப்பியிருக்கிறேன். நார் சொருகி, சாயாமல் இருக்க ஜீப்பில் சாக்கு போட்டு அணைத்து வைத்து. ஒரு வார்த்தை சொல்லியிருந்தீர்கள் என்றால், "அவர் குடித்தவர்" என்று ஒரே ஒரு வார்த்தை, நான் தொட்டிருப்பேனா? மானத்தைப் பொத்தி வைத்தீர்கள்.

இவர் சோறு தின்னவில்லை. பிச்சைமணியை மேட்டில் வழிமறித்துச் சட்டையைப் பிடித்துவிட்டார். அவன், "எனக்கென்னண்ணே தெரியும், மாவுக்குன்னாரு, கொண்டுபோனேன்" என்று அழுகிறான்.

நான் வருகிறேன். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுக்கு என்ன வேதனையோ, யாரிடமும் சொல்ல முடியாமல் அந்தக் கொட்டத்தில் தனியாக உட்கார்ந்து குடித்ததோ. நீங்கள் அதை வெறுத்துவிடாதீர்கள் மதினி. என்ன இருந்தாலும் அண்ணன்.

மொக்கம்மா

---

கௌமாரி துணை
போடி, 20-5-1975

மொக்கம்மாளுக்கு,

நீ சொன்னது சரி. ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பாவம் என்னுடையது. அப்போது உன்னை வரவேண்டாம் என்று தந்தி கொடுத்ததற்குக் கோபிக்காதே. அவர் இருந்த கோலத்தை நீ பார்க்க வேண்டாம் என்றுதான்.

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். நான்தான் துடைக்கிறேன், கழுவுகிறேன், ஊட்டுகிறேன். ஒன்றும் குறைவைக்கவில்லை. ரொட்டியும் போடுகிறேன். கொண்டைக்கடலையை நொறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு நுரைக்க விட்டால் மாவு எழும்பும் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். அது நுரைக்கும்போது வருகிற நாற்றம் இருக்கிறதே, ஈரச் செருப்பைக் கழற்றி மூக்கில் வைத்தது போல. ஆனாலும் அது கடலை நாற்றம்தானே என்று பிசைகிறேன்.

வெறுக்காதே என்று எழுதினாய். வெறுப்பு இல்லை மொக்கம்மா, வெறுப்பு என்றால் திட்டித் தீர்த்துவிடுவேன். இது அருவருப்பு. அவர் தண்ணீர் குடிக்கிற சத்தம் ஆகவில்லை. அவர் எச்சில் பட்ட டம்ளரைச் சாம்பலால் இரண்டு தடவை தேய்க்கிறேன். இந்த ஊரில் ஏலக்காய் வாடை இல்லாத தெரு எது? கமிஷன் கடைகளைத் தாண்டிக் கோயிலுக்குப் போவதற்குள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். சாமிக்குச் சர்க்கரைப் பொங்கலில் ஏலக்காய் போட என்னால் முடியவில்லை.

திருவிழாவுக்கு வீரபாண்டி போனேன். சட்டி எடுக்கவில்லை. கூட்டத்தில் நின்று, "அம்மா, எனக்கு அருவருப்பா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது, அவளுக்குத் தெரியாததா.

உன்னைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அவ புருசன் கள்ளுக்கடைக்காரன், அவந்தான் திட்டம் போட்டு ஏத்திவிட்டிருக்கான்" என்கிறார். அவர் குடித்ததற்கும் உன் வீட்டுக்காரர் கன்னையன் அண்ணன்தான் குற்றவாளியாம்.

இதை நான் எழுதியிருக்க வேண்டாம். ஆனால் நீ இன்னும் "அது பாவம்" என்றே எழுதிக்கொண்டிருப்பாய், அதற்காக எழுதினேன்.

சுருளியம்மாள்

---

பூப்பாறை, 15-7-1975

மதினிக்கு,

நேற்று அண்ணன் வந்தது.

மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மேட்டில் குடை இல்லாமல் ஓர் ஆள் இறங்கி வருவதைப் பார்த்தேன். நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பத்து வருடமாக இந்தச் சரிவில் யார் இறங்கி வந்தாலும் அண்ணனாக இருக்குமோ என்று பார்த்தவள் நான். ஓடிப்போய்ப் பாயை விரித்தேன். காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். துண்டு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றது. எலும்பும் தோலும், தாடையில் தண்ணீர் சொட்டுகிறது.

"ஆத்தா மொக்கம்மா. கன்னையன் இருக்கானா?"

"கடைக்குப் போயிருக்காருண்ணே. நனையிறியே, உள்ள வா."

"இல்ல, வெரசாப் போகணும். அந்தப் பிச்சைமணிப் பய இப்பல்லாம் கொண்டாறதில்ல. ஒரு பாட்டுலு இருந்தாக் குடு. நின்ன கால்ல போயிருவேன்."

"ரொட்டி இருக்குண்ணே. காப்பி போடுறேன். மொதல்ல ஒக்காரு."

"ரொட்டி ஒன் மதினி போடுறா. நீ அதக் குடு ஆத்தா. கொஞ்சூண்டு."

அது என் முகத்தைப் பார்க்கவில்லை மதினி. எனக்குப் பின்னால் அடுப்படி மூலையைத் துழாவிக்கொண்டிருந்தது. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தது, எச்சில் வழிந்தது. எனக்கு வயது ஏறிவிட்டது, முடி நரைத்துவிட்டது, அதைக்கூட அது கவனிக்கவில்லை. துப்பிவிட்டுப் போனபோதுகூட என்னைப் பார்த்துத்தான் போனது.

நீங்கள் எழுதினீர்களே அருவருப்பு என்று, அது எனக்கும் வந்தது. கதவைச் சாத்திவிட்டேன்.

தட்டியது. "தொறடி" என்றது. அப்புறம், "தொற ஆத்தா, ஒன் கால்ல விழுகுறேன்" என்றது. நான் கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். காப்பித் தண்ணீர் சுண்டிப் பாத்திரம் தீய்ந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை.

இவர் வந்து, "மழையில போயிருக்காரே புள்ளே" என்று மேடு வரை தேடிவிட்டு வந்தார். இன்னும் அழுகை நிற்கவில்லை. பத்திரமாக வந்து சேர்ந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.

மொக்கம்மா

---

கௌமாரி துணை
போடி, 24-7-1975

மொக்கம்மாளுக்கு,

வந்து சேர்ந்துவிட்டார். அன்று பொழுது சாயக் கடைசி பஸ்சில். கால் கழுவித் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எங்கே போயிருந்தீர்கள் என்றேன்.

"மேல, மொக்கம்மா வீட்டுக்கு."

அவரே சொல்லிக்கொண்டு போனார். "பாய் விரிச்சா. எங் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. கன்னையன் மச்சான்னு கட்டிக்கிட்டான். மீன் கொழம்பு வச்சு, போகாத போகாதன்னா ஆத்தா. நாந்தான் நீ தேடுவேன்னு வந்துட்டேன்."

"மீன் குழம்பா? காரம் ஆகாதே" என்றேன்.

"தங்கச்சி கையால வச்சது, என்ன செஞ்சிரும்?"

நம்பினேன் மொக்கம்மா. உன் கடிதம் வருகிறவரை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். டம்ளரை ஒரு தடவைதான் தேய்த்தேன். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டேன், சந்தையில் இப்போது கொஞ்சம் அரிசி வருகிறது. பிள்ளைகளிடம் அத்தை வீட்டுக் கதையை அவர் சொல்லக் கேட்டுச் சிரித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கறி கூடியது.

உன் கடிதத்தைப் படித்த அன்று அவர் எதிர்வீட்டுக்காரரிடம் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க மாப்ள தங்கமான ஆளு" என்கிறார். நான் உள்ளே நின்று முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

நீ அழ வேண்டாம். நீ திறந்திருந்தால் அவர் குடித்திருப்பார். குடித்திருந்தால் பஸ் ஏறியிருக்க மாட்டார்.

உன் கடிதம் வந்ததை நான் சொல்லவில்லை. சாயங்காலம் ரொட்டியை அறுத்து வைத்துக்கொண்டே கேட்டேன்.

"மொக்கம்மா நம்மளக் கூப்புட்டாளா?"

"கூப்புடாம இருப்பாளா? ரெண்டு பேரும் பிள்ளைகளோட வரணும்னா."

"அப்பச் சரி. ஆடி போகட்டும். ஆவணி பொறந்ததும் போவோம். நானும் அவளப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "பஸ்சுல எனக்கு ஆகாது, குலுங்கும்" என்றார். அன்றைக்கு ஆச்சே என்றேன். "மழையா இருக்கும்" என்றார். குடை இருக்கிறது என்றேன்.

ஆவணி முதல் வெள்ளி, காலை பஸ்சில் வருகிறோம். அவர் வர மறுத்தால் நானும் பிள்ளைகளும் வருவோம். வந்தார் என்றால், எதிர்வீட்டில் சொன்னதை எல்லாம் உன் முகத்தையும் கன்னையன் அண்ணன் முகத்தையும் பார்த்துக்கொண்டு மறுபடி சொல்லட்டும்.

அவருக்குக் கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம், நான் குறுக்கே வரமாட்டேன். எனக்குத் திற. அந்த மீன் குழம்பை வை. நன்றாகக் காரம் போட்டு வை. அவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

சுருளியம்மாள்